உழைச்செல்வானும் இதய உணரிகளும்

மருத்துவம் நான்கு உறுப்புக்களால் இயல்வது என்பது திருவள்ளுவர் கொள்கை. நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பான், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து வேண்டுவன இயற்றும் உழைச்செல்வான் என்பன அந்நான்குமாம். ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள் இவற்றைத் தொகுத்துரைக்கின்றது. பரிமேலழகர் ஒவ்வொன்றற்கும் நந்நான்கு இயல்புகளை வகுத்துக் காட்டுகின்றார். ஆக, பதினாறு இயல்புகளும் ஒருங்கு கூடியவிடத்தே நோய் தீரும் என்பது பெறப்படும்.

இந்நூற்றாண்டில் இந்நான்கன் நடுவே புதியதொரு பொருள் வந்து நிற்கின்றது. மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் இதயத் துடிப்பை எண்ணுகின்றது. மார்பில் ஒட்டிய சிறு பட்டை இரவும் பகலும் இதயத்தின் மின்னோட்டத்தை வரைகின்றது. தோலின்கீழ் வைத்த ஒரு துண்டு ஆண்டுக்கணக்கில் துடிப்பின் ஒழுங்கைக் காவல் செய்கின்றது. நுரையீரலுக்குச் செல்லும் குருதிக் குழாயினுள் அமர்ந்த மற்றொன்று அங்குள்ள அழுத்தத்தை அறிவிக்கின்றது. இவை முற்கூறிய நான்கனுள் யாண்டு அடங்கும் என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

இவ்வினா வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. கருவியைத் தீர்ப்பானிடத்து வைத்து, ‘கடிகாரம் குறையொன்றும் காட்டவில்லை’ என்று மார்புவலியோடு வீட்டிலிருப்பவர் உயிரிழக்க நேரும். கருவியை வெறும் அணிகலன் என்று ஒதுக்குபவர், பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக வந்ததொரு குறியைத் தவறவிடக் கூடும். ஆகலின் அக்கருவிகள் செய்வது யாது, செய்யாதது யாது என்பதனை முதலில் தெளிந்து, பின்னர் அவற்றின் இடத்தை வரையறுப்போம். மருத்துவம் நம் துறையன்று. வெளியிடப்பட்ட மருத்துவ ஆய்வுகளின் முடிவுகளைக் கொண்டே ஈண்டுப் பேசுகின்றோம்.

1. பெயரும் பொருளும்

இக்கருவிகளைத் தமிழில் ‘உணரி’ என வழங்குகின்றோம். உணர் என்னும் வினையடியோடு இகர ஈறு சேர்ந்து கருவிப் பெயராயிற்று, சொல்லமைப்பில் குறையில்லை. ஆயினும் ‘உணர்தல்’ என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. வெம்மையையும் தண்மையையும் மெய்யால் அறிதலும் உணர்தலே. ஒன்றன் உண்மையை மனத்தால் தெளிதலும் உணர்தலே. உணரி என்னும் கருவிக்கு முதற்பொருள் மட்டுமே பொருந்தும். அது தொடுகின்றது, ஒளியை அளக்கின்றது, எண்ணுகின்றது. எண்ணியதன் பொருளைத் தெளிவது அதன் இயல்பன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் வகையால் அடுக்குங்கால், ஐம்பொறி அறிவுக்கு மேலாக மனத்தை ஆறாவதாக வைத்தமை ஈண்டு நினைக்கத்தகும். கருவிக்கு வாய்த்தவை பொறியறிவின் சில கூறுகளே என்பதை மறவாது அப்பெயரை வழங்குவோமாக.

உடம்பின்மேல் பூணப்படுவனவற்றை அணியுணரி என்றும், தோலின்கீழோ குருதிக் குழாயினுள்ளோ வைக்கப்படுவனவற்றை உட்பதி உணரி என்றும் இக்கட்டுரையில் குறிப்போம்.

2. கருவிகள் வந்த வழி

இதயம் ஒவ்வொரு முறை சுருங்குமுன்னும் அதன் தசையில் ஒரு மின்னலை பரவுகின்றது. அவ்வலையின் சாயல் உடலின் மேற்பரப்பிலும் தோன்றும். அதன் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்டே. இலண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பார் 1887-இல் இதனை மாந்தர் உடலில் முதன்முறையாகப் பதிவு செய்தார். நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் என்பார் இழைக் கால்வனாமீட்டரை அமைத்து, தெளிவான இதய மின்வரைவுகளை 1903-இல் வெளியிட்டார். அதன்பொருட்டு 1924-இல் நோபல் பரிசு பெற்றார். அவர்தம் கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் எடையுடையது. அதனை இயக்க ஐவர் வேண்டப்பட்டனர். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலங்களில் அமிழ்த்தி அமர்ந்திருத்தல் வேண்டும். கருவியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாமையின், 1905-இல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையினின்று தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் மின்குறிகளைத் தம் ஆய்வகத்துக்கு வரச்செய்தார். நோயாளி ஓரிடத்தும் அறிபவன் ஓரிடத்துமாக நிற்கும் இன்றைய தொலைக் கண்காணிப்புக்கு இதுவே தோற்றுவாய் எனலாம்.

எனினும் நோயாளி அசையாதிருந்தபோதே இப்பதிவு கைகூடிற்று. நடமாடும் மனிதனின் இதயத்தைப் பதிவு செய்ய முயன்றவர் அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தைச் சார்ந்த நார்மன் ஹோல்ட்டர். 1940-களின் பிற்பகுதியில் அவர் அமைத்த வானொலிக் கருவி ஏறத்தாழ 38 கிலோகிராம் எடையுடையது. அதனை முதுகில் சுமந்தே நடத்தல் வேண்டும். மின்னணுவியல் வளர வளரச் சுமை குறைந்தது. 1961-இல் அவர் தம் முறையை விரித்து வெளியிட்டார். ஒருநாள் முழுதும் பதிவு செய்யும் கருவியை மருத்துவமனைகளில் இன்றும் ‘ஹோல்ட்டர்’ என்றே வழங்குகின்றனர்.

இவ்வரலாற்றால் ஒன்று புலனாகின்றது. கருவியின் எடை குறைந்தது சிறப்பே. அதனினும் சிறப்பு, கருவி நோயாளியோடு உடன்செல்லத் தொடங்கியதாம். ‘உழை’ என்பது அருகு, பக்கம் என்னும் பொருளது. ஐந்தோவன் கருவியிடம் நோயாளி சென்றான். ஹோல்ட்டர் கருவியோ நோயாளியின் உழைச் சென்றது.

3. மூவகைக் குறிகள்

இன்றைய உணரிகள் பெரும்பாலும் மூவகைக் குறிகளுள் ஒன்றைப் பற்றுகின்றன.

முதலாவது மின்குறி. மார்பில் ஒட்டும் பட்டையும், தோலின்கீழ் வைக்கும் பதிவியும் இதனைக் கொள்வன. 2018-இல் ஆப்பிள் நிறுவனத்தின் கைக்கடிகாரத்திலும் இவ்வசதி சேர்ந்தது. கடிகாரத்தின் அடிப்புறம் ஒரு கையின் மணிக்கட்டைத் தொட, மற்றைக் கையின் விரலைக் கடிகாரத்தின் திருகின்மேல் வைத்தால், இரு கைகளுக்கும் இடைப்பட்ட மின்வேறுபாடு 30 நொடி பதிவாகும். மருத்துவமனை மின்வரைவு இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் காட்டும். கடிகாரமோ ஒரு கோணத்திலேயே காட்டும். ஆகலின் துடிப்பின் ஒழுங்கின்மையை அது காட்டக்கூடும். மாரடைப்பை அறிதற்கு அஃது ஆகாது. மார்புவலி உற்றபோது கடிகாரத்தைப் பாராது மருத்துவமனையை நாடுக என்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது ஒளிக்குறி. கடிகாரத்தின் அடியில் தோன்றும் பச்சை ஒளி தோலுட் புகுந்து ஒரு பகுதி மீளும். குருதி பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் குருதி மிக்கு வருங்கால் மீளும் ஒளி குறையும்; பின் கூடும். இவ்வேற்றத்தாழ்வே நாடித் துடிப்பாக எண்ணப்படுகின்றது. ஆயின் கை அசைந்தாலும், வார் தளர்ந்தாலும் மீளும் ஒளி மாறும். கருவி காண்பது இதயத்தையன்று. இதயத்தின் விளைவாகிய குருதி வரவை. அதுவும் ஒளியின் வாயிலாக. காரணத்தை விளைவால் அனுமானிக்கும் இம்முறையில் பிழை புகுதற்கு இடமுண்டு.

மூன்றாவது அழுத்தக்குறி. இதயம் தளர்ந்து குருதியை முன்னே தள்ள மாட்டாதபோது நுரையீரற் பக்கம் அழுத்தம் ஏறும். காலில் வீக்கமும் மூச்சுத் திணறலும் தோன்றுமுன்பே அவ்வேற்றம் தொடங்கும். அதனை அறிய, காகித இடுக்கியினும் சிறியதோர் உணரியைத் தொடையிலுள்ள சிரை வழியாக நுண்குழல் கொண்டு செலுத்தி, நுரையீரல் தமனியின் கிளையில் நிலைநிறுத்துவர். கார்டியோமெம்ஸ் என்னும் பெயருடைய இவ்வுணரிக்கு மின்கலம் இல்லை. அதன் அகத்தே ஒரு கம்பிச் சுருளும், அழுத்தத்தால் மாறும் ஒரு மின்தேக்கியும் உள. நோயாளி வீட்டில் ஒரு தனித் தலையணைமேல் படுக்க, அதிலுள்ள அலைவாங்கி வானொலி அலையை அனுப்பும். உணரி தன் அழுத்தத்துக்கேற்ற அதிர்வெண்ணில் மறுமொழி தரும்.

4. வாய் பேசாத நோய்

இக்கருவிகளின் தேவையை உணர ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என மருத்துவர் கூறுவதனை நாம் மேலறை நடுக்கம் எனலாம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன; ஆங்குத் தேங்கும் குருதி உறைந்து கட்டியாகலாம்; கட்டி பெயர்ந்து மூளைக்குச் செல்லின் பக்கவாதம் விளையும். உறைதலைத் தடுக்கும் மருந்து உண்டு. ஆயின் இந்நடுக்கம் வந்து வந்து மறைவது. பலருக்கு எவ்வுணர்ச்சியையும் தாராதது. மருத்துவன் நாடி பார்க்கும் கணத்தில் அஃது இல்லாதிருக்கலாம்.

பரிமேலழகர் நோயுற்றவனுக்குக் கூறும் நான்கு இயல்புகளுள் நோய்நிலை உணர்த்தல் ஒன்று. உணர்த்துதற்கு நோயாளிக்கே தெரியாத நோய் இது. இவ்விடத்துத்தான் உடன்செல்லும் கருவி நோயாளியின் வாயாகி நிற்கின்றது.

2014-இல் வெளிவந்த கிரிஸ்டல் ஏஎஃப் ஆய்வு இதனைக் காட்டிற்று. காரணம் தெரியாத பக்கவாதம் உற்ற 441 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்குத் தோலின்கீழ்ப் பதிவி வைத்தனர். மற்றையோரை வழக்கமான முறையில் பார்த்தனர். ஆறு திங்களில் பதிவி வைத்தோருள் 8.9 விழுக்காட்டினரிடமும், மற்றையோருள் 1.4 விழுக்காட்டினரிடமும் மேலறை நடுக்கம் காணப்பட்டது. அவ்வாண்டிலேயே வெளிவந்த ரிவீல் லிங்க் என்னும் பதிவி ஏறத்தாழ 45 மில்லிமீட்டர் நீளமும் 2.5 கிராம் எடையும் உடையது. ஹோல்ட்டர் சுமந்த 38 கிலோகிராமோடு இதனை ஒப்பிட்டுக் காண்க.

அணியுணரிகளின் ஆற்றலை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டனர். ஆப்பிள் கடிகாரம் அணிந்த 4,19,297 பேர் அதில் பங்கு கொண்டனர். ஒழுங்கற்ற நாடி என அறிவிக்கப்பெற்றோர் 2,161 பேரே, அஃதாவது 0.52 விழுக்காடு. அவர்களுள், அஞ்சலில் வந்த மின்வரைவுப் பட்டையை அணிந்து திருப்பியனுப்பிய 450 பேரின் பதிவுகள் ஆராயப்பட்டன. 34 விழுக்காட்டினரிடம் மேலறை நடுக்கம் காணப்பட்டது. எஞ்சிய 66 விழுக்காடும் பொய்யறிவிப்பு என்று கொள்ளுதல் பிழையாம். நடுக்கம் வந்து மறைவது. பட்டையோ அறிவிப்பு வந்து சின்னாள் கழித்தே அணியப்பட்டது. அங்ஙனமே கடிகாரம் அறிவித்த அனைத்தும் நோய் என்று கொள்ளுதலும் பிழையே. ‘ஆராய்க’ என்பதே அவ்வறிவிப்பின் பொருள். ‘நோய் உண்டு’ என்பதன்று.

5. காண்டலும் தீர்த்தலும்

மிகுதியாகக் காண்பது மிகுதியாகத் தீர்ப்பதாகுமா? இவ்வினாவுக்கு டென்மார்க்கு நாட்டில் நிகழ்ந்து 2021-இல் வெளிவந்த லூப் ஆய்வு விடை தேடிற்று. 70 முதல் 90 வரை அகவையினராய், உயர் குருதியழுத்தம், நீரிழிவு முதலியவற்றுள் ஒன்றேனும் உடைய 6,004 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். 1,501 பேர்க்கு உட்பதி உணரி வைக்கப்பட்டது. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட கண்காணிப்பில் அவர்களுள் 31.8 விழுக்காட்டினரிடமும், உணரி இல்லாதாருள் 12.2 விழுக்காட்டினரிடமும் மேலறை நடுக்கம் கண்டறியப்பட்டது. உணரி வைத்தோருள் உறைதடுப்பு மருந்து பெற்றோரும் இருமடங்கினும் மிக்கனர். ஆயின் பக்கவாதமோ பிறவிடத்துக் குருதிக் கட்டியடைப்போ உற்றோர் முன்னவருள் 4.5 விழுக்காடு, பின்னவருள் 5.6 விழுக்காடு. அவ்வேறுபாடு தற்செயலால் விளைந்ததன்று என்று துணிதற்குப் போதாது என்பதே ஆய்வாளர் முடிவு. உணரி கண்ட சிறுசிறு நடுக்கங்கள் எல்லாம் மருந்து வேண்டுவன அல்ல போலும்.

இதற்கு மறுபக்கமாக நிற்பது அமெரிக்காவில் நிகழ்ந்து 2011-இல் வெளிவந்த சாம்பியன் ஆய்வு. இதயத் தளர்ச்சியுற்ற 550 பேர்க்கும் முற்கூறிய அழுத்த உணரி வைக்கப்பட்டது. அனைவரும் நாள்தோறும் அளவு அனுப்பினர். ஒரு கூற்றினரின் அளவுகள் மருத்துவர்க்குக் காட்டப்பட்டன. மற்றைக் கூற்றினரின் அளவுகள் காட்டப்படவில்லை. வேறுபாடு இஃதொன்றே. ஆறு திங்களில், அளவைக் கண்டு மருத்துவர் மருந்தைக் கூட்டியும் குறைத்தும் வந்த கூற்றினரிடையே இதயத் தளர்ச்சியால் மருத்துவமனை புகுதல் 28 விழுக்காடு குறைந்தது. அமெரிக்க உணவு மருந்து ஆணையம் உடனே இசையாது மேலும் சான்று வேண்டி, 2014-இல் இசைவளித்தது. 1,000 பேரைக் கொண்டு நிகழ்த்தி 2021-இல் வெளியிடப்பட்ட கைட்-எச்எஃப் ஆய்வின் முழுக்கால முடிவில் தெளிவான நன்மை புலப்படவில்லை. கோவிட் பரவலுக்கு முற்பட்ட காலப்பகுதியைத் தனித்து நோக்கியபோது நன்மை புலப்பட்டது. ஆகலின் நன்மையின் அளவு இன்னும் ஆய்வுக்குரியதே.

எனினும் சாம்பியன் ஆய்வின் அமைப்பு ஒன்றைத் தெளிவுறுத்துகின்றது. உணரி இருவர் உடலிலும் இருந்தது. அளவும் இருவரிடமும் பிறந்தது. கேட்பார் இருந்தவிடத்தே அது பயன்பட்டது. கேட்பார் இல்லாதவிடத்தே அது குழாயினுள் கிடந்ததோர் பொருளாயிற்று. நோய் அறிதல், அதன் காரணம் அறிதல், தீர்க்கும் வழி அறிதல், பொருந்தச் செய்தல் என்னும் வரிசையில் உணரி முதற்படிக்கே துணையாகின்றது. ஏனைய படிகள் மருத்துவனுடையன.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். 1958-இல் ஸ்டாக்ஹோமில் முதன்முறையாக உடலுள் வைக்கப்பட்ட பேஸ்மேக்கர் தொட்டு, இதயத்தைத் தானே துடிக்கச் செய்யும் கருவிகளும், கொடிய துடிப்பு வந்துழி மின்னதிர்ச்சி தந்து உயிர்காக்கும் கருவிகளும் உள. அவை தீர்ப்பான் ஆகாவோ எனின், ஆகா என்க. எத்துடிப்பில் இயங்குவது, எப்போது அதிர்ச்சி தருவது என்பனவெல்லாம் மருத்துவன் முன்னரே வகுத்து அமைத்தன. கருவி அவன் சொல்லியதனைச் செய்கின்றது. சொல்லியவாறு செய்தல் உழைச்செல்வான் இயல்பு.

6. நால்வகை இயல்பு

உழைச்செல்வானுக்குப் பரிமேலழகர் கூறும் இயல்புகள், நோயாளிமாட்டு அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவு என்பன. இவற்றை உரைகல்லாகக் கொண்டு உணரியை ஆராய்வோம்.

சொல்லியவாறு செய்யும் வன்மையில் உணரியை வெல்வார் இலர். அஃது உறங்காது, சலியாது.

அறிவில் குறையுடையது. கணக்கு நெறிகளால் துடிப்புக்களை வகைப்படுத்தினும், யாருடைய பதிவுகளைக் கொண்டு அந்நெறி வகுக்கப்பட்டதோ அவரைப் போன்றாரிடத்தே அது நன்கு பொருந்தும். ஒளியால் அளக்கும் கருவிகளில் தோலின் நிறமும் இடைப்புகும். கருநிறத் தோல் ஒளியை மிகுதியாக உறிஞ்சும் ஆகலின். விரலில் மாட்டி உயிர்வளியளவு காணும் கருவி பற்றி மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் உண்மையளவு 88-க்குக் கீழிருந்தமை கறுப்பினத்தாரிடத்து 11.7 விழுக்காடும் வெள்ளையரிடத்து 3.6 விழுக்காடுமாக இருந்தது. அஃது உயிர்வளியை அளப்பதாயினும் ஒளிமுறையால் அளக்கும் இனத்ததே. கருநிற மேனியர் மிக்க நம் நாட்டார்க்கு இச்செய்தி பொதுவானதன்று. ஈண்டும் சோதித்துத் தெளிதற்குரியது.

தூய்மையாவது, அருகிருப்பான் நோயாளியின் மறைகளைப் பிறர்க்கு உரையாமை. உணரி அறிந்தது கம்பியில்லா அலையாய்ப் புறத்தே செல்கின்றது. அமெரிக்காவில் 2017-இல் ஏறத்தாழ 4,65,000 பேஸ்மேக்கர்களில் பிறர் ஊடுருவக்கூடும் குறை காணப்பட்டு, அவற்றின் மென்பொருளைத் திருத்த நேர்ந்தது. அவ்வாண்டிலேயே ஒகாயோ மாநில நீதிமன்றம் ஒன்று, தீவைப்புக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருடைய பேஸ்மேக்கர் பதிவை அவர்க்கெதிரான சான்றாக ஏற்றது. நெஞ்சினுள் இருந்த உழைச்செல்வான் மன்றத்தில் எதிர்ச்சான்று உரைத்தனன். நீதிக்கு அது தகுமாயினும், நோயாளி இசைந்து ஏற்றது இதனையோ என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

அன்பு உணரிக்கு அறவே இல்லை. நள்ளிரவில் ஓர் எச்சரிக்கை தோன்றுமாயின் அதனைக் கண்டு அஞ்சுவான் அஞ்சட்டும் என்றிருக்கும். அருகிருக்கும் மனிதனோ எதனை எப்பொழுது எங்ஙனம் சொல்லுதல் வேண்டும் என்பதனை அறிவான். அவ்விடத்தை நிரப்புதற்கு மனையோளோ மக்களோ செவிலியோ வேண்டும்.

இன்னும் ஒன்று. நோயுற்றவன் இயல்புகளுள் பொருளுடைமையை உரையாசிரியர் சேர்த்து வைத்தமை கருதத்தகும். பொருளுடையார் நோயின்றியே உணரி பூணுதலும், நோயுடையார் பொருளின்றி அது பெறாமையும் இன்று காண்கின்றோம். காரணம் தெரியாத பக்கவாதம் உற்றார்க்கு உணரியின் பயன் பெரிது. நோயும் நோய்க்கேதுவும் இல்லா இளைஞர்க்கு அது பெரும்பாலும் கவலையையே தரக்கூடும். யார்க்கு உரியது என்பதனை விலை தீர்மானித்தல் முறையன்று. மருத்துவன் தீர்மானித்தல் வேண்டும்.

7. முடிபு

மேற்கூறியவாற்றால் பெறப்படுவன இவை. இதய உணரி தீர்ப்பான் அன்று, மருந்தும் அன்று. நோயாளி உணர்த்த மாட்டாததனை உணர்த்தும் வகையால் நோயுற்றவனுக்கு வாயாகின்றது. உடனிருந்து சொல்லியவாறு செய்யும் வகையால் உழைச்செல்வான் ஆகின்றது. அதனினும் நான்கு இயல்புகளுள் ஒன்றே நிரம்பியது. அறிவும் தூய்மையும் பிறரால் காத்தளிக்கப்பட வேண்டுவன. அன்பு மனிதரால் மட்டுமே இயல்வது. அது காட்டும் குறியைக் கேட்டு ஆராய்ந்து செயற்படும் மருத்துவன் உள்ளவிடத்தே அதன் பயன் உளதாம்.

தமிழில் மருத்துவ நூல் யாக்கும் மாணவர் இவ்வேறுபாட்டைச் சொல்லாட்சியிலும் போற்றுதல் நன்று. ‘உணரி நோயை அறிந்தது’ என்று எழுதுதலினும், ‘உணரி குறியைக் காட்டிற்று, மருத்துவர் நோயை அறிந்தார்’ என்று எழுதுதலே பொருட்கும் வழுவற்றது, படிப்பார் உயிர்க்கும் காவலாவது.